இடம்மாறிய காற்புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு பழைய கோயில் மலரில் "வற்றாப்பளை அம்மன், புதூர் நாகதம்பிரான், முறிகண்டிப் பிள்ளையார்" என்று ஒரு வரி இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தை ஸ்கான் செய்து, படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தட்டச்சு எழுத்தாக்கும், ஓ.சி.ஆர். என்று சொல்லப்படும் எழுத்துணரியில் கொடுக்கிறோம். எழுத்துகள் எல்லாம் சரியாக வருகின்றன; காற்புள்ளிகள் மட்டும் வரவில்லை. வன்னியை அறியாத ஒருவர் தன் ஊகத்தில் அவற்றைப் போடுகிறார்: "வற்றாப்பளை, அம்மன் புதூர், நாகதம்பிரான் முறிகண்டி, பிள்ளையார்". எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எந்தப் பிழைதிருத்தி மென்பொருளும் இதைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டாது. வன்னியினூடாகச் செல்லும் ஏ9 வீதியில் போய்வருகிறவருக்கு உடனே தெரியும். வெளிநாட்டில் பிறந்து, பாட்டன் பாட்டியின் ஊரைத் தேடும் பிள்ளைக்குத் தெரியாது. அது "அம்மன் புதூர்" எங்கே என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

வன்னியின் நூல்களும் மலர்களும் சஞ்சிகைகளும் ஸ்கான் செய்யப்பட்டு இணையத்தில் ஏறி வருவது பெரும் ஆறுதல். இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டு அலுமாரிகளும் வாசிகசாலைகளும் அழிந்தன என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்கான் முடிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். படம் வேறு, எழுத்துவடிவம் வேறு. படத்தில் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது, பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்ட முடியாது. இவற்றுக்கெல்லாம் எழுத்துவடிவம் வேண்டும். அதில் எழுத்துகளைத் திருத்தப் பலர் முன்வருகிறார்கள்; நிறுத்தக்குறிகளைத் திருத்த யாரும் வருவதில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது, எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு விரிவாக எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

குறி என்றால் அற்பம் என்று நினைப்பவர்கள் இறந்தவரின் நினைவாக வெளியிடும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். எங்கள் குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் அந்தச் சிறு புத்தகங்களில்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் "செல்லம்மா, கந்தையா" என்று இருந்தால் இரண்டு பிள்ளைகள். காற்புள்ளி விடுபட்டு "செல்லம்மா கந்தையா" என்றானால் ஒரு பெண். கந்தையா அவளுடைய தகப்பனோ கணவனோ ஆகிவிடுகிறார். ஒரு மனிதன் வம்சத்திலிருந்தே காணாமற் போகிறான். விவசாயக் கைந்நூலில் "ஏக்கருக்கு 2.5 புசல் விதைநெல்" என்பதில் புள்ளி போனால் 25 புசல். மருத்துவ ஏட்டின் அச்சுப்பதிப்பில் 1½ கழஞ்சு என்பது 112 கழஞ்சு ஆகும். எழுத்துணரி அரைப் பின்னத்தை ஒன்றும் இரண்டுமாகப் பிரித்துவிடும். பழைய நூல்கள் சிலவற்றில் தசமப்புள்ளி கீழே இல்லாமல் எண்ணின் நடு உயரத்தில் இருக்கும். அதை எழுத்துணரி இடைக்கோடு என்று எடுத்துக்கொண்டால் "2-5 புசல்" ஆகிவிடும். இரண்டு முதல் ஐந்து வரை விதைக்கலாம் என்று வாசிப்பவர் விளங்கிக்கொள்வார்.

பிழை தொடங்குமிடம் பெரும்பாலும் ஸ்கானர். நூலின் சாதாரண அளவு எழுத்தில் அச்சான முற்றுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 12 படப்புள்ளிகள் கிடைக்கும். முற்றுப்புள்ளிக்கு ஐந்து அளவில் வரும். காற்புள்ளியின் வாலுக்கு இன்னும் இரண்டு மூன்று கிடைக்கும். அதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. நேரத்தை மிச்சம்பிடிக்க 150இல் செய்தால் முற்றுப்புள்ளிக்கு இரண்டு படப்புள்ளிதான், வால் கரைந்துவிடும். ஆகவே 300க்குக் குறையவே கூடாது. அடிக்குறிப்பு நிறைந்த நூலுக்கும் சிறிய எழுத்து மலருக்கும் 400 வையுங்கள். கறுப்பு வெள்ளையாக எடுக்காமல் சாம்பல்நிறத்திலோ வண்ணத்திலோ எடுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் இயந்திரம் ஓர் எல்லை வைத்து, அதைவிட மங்கியதெல்லாம் வெள்ளை என்று தீர்ப்பளித்துவிடும். மை மங்கிய புள்ளிகள்தான் அந்தத் தீர்ப்பில் முதலில் போகும். "பொட்டு நீக்கம்" என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது தாளின் அழுக்கை நீக்குவதற்காக வைத்தது. அழுக்குக்கும் முற்றுப்புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கும் இதே கதிதான். மொழிக்கு அது எழுத்தின் உறுப்பு, முற்றுப்புள்ளி வாக்கியத்தின் உறுப்பு. ஸ்கானருக்கு இரண்டுமே மைத்துளி.

கோப்பை மிகச் சிறிதாக்கும் சில அழுத்தமுறைகளிலும் ஆபத்து உண்டு. ஒரே மாதிரித் தெரியும் துண்டுகளை ஒன்றின் நகலால் நிரப்பிவிடும் முறை ஒன்று இருக்கிறது. அப்போது காற்புள்ளி இருந்த இடத்தில் வேறோரிடத்து முற்றுப்புள்ளி தெளிவாக உட்கார்ந்திருக்கும். படமே பொய் சொல்லும்போது திருத்துபவர் என்ன செய்வார்? மூலப் படங்களை அழுத்தாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் தையலும் ஒரு காரணம். விரித்த புத்தகத்தில் இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண். அந்தப் பக்கத்தில் வரி முடிவது நடுத்தையலின் ஓரத்தில். அங்கே தாள் வளைந்து நிழல் விழும். வரிமுடிவில்தான் முற்றுப்புள்ளிகளும் மூடும் மேற்கோள்குறிகளும் அதிகம். எனவே 2, 4, 6 என்று போகும் பக்கங்களின் வலப்புற ஓரத்தை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒற்றை எண் பக்கங்களில் வரிமுடிவு வெளி ஓரத்தில் வரும். அங்கே ஓரம் வெட்டும்போது குறி போய்விடும். இரண்டு எழுத்து அகலமாவது வெள்ளை விட்டு வெட்டுங்கள். வன்னியில் எஞ்சிய நூல்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு: இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள், கறையான் மண், ஈரத்தில் படிந்த பழுப்புப் பொட்டுகள். ஓட்டையுள்ள தாளின் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து ஸ்கான் செய்தால் ஓட்டை வெள்ளையாக மறையும். வைக்காவிட்டால் அடுத்த பக்கத்து மை அதனூடாகத் தெரிந்து முற்றுப்புள்ளியாக வாசிக்கப்படும். மறுபக்கத்து மை ஊறித் தெரியும் மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைப்பது நல்லது. தாள் ஓட்டை உடையதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் இரண்டு தாளையும் மாற்றி வைத்து இரண்டு முறை எடுங்கள்.

இனி எழுத்துணரி செய்யும் பிழைகள். பழைய ஈய எழுத்து அச்சில் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றுக்கு முன் ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள். எழுத்துணரி அதை முழு வெளி என்று எடுத்து, குறியைச் சொல்லிலிருந்து பிரித்துவிடும். அந்தக் குறி வரியின் கடைசியில் வந்தால் அடுத்த வரியின் தலையில் தனியாகத் தொங்கும். இது எளிதில் திருந்தக்கூடிய பிழை. மேற்கோள்குறி அப்படியல்ல. தலைகீழாக வைத்த காற்புள்ளிகளால் மேற்கோள்குறி கோத்த அச்சுகளில் அது இரண்டு காற்புள்ளியாகவோ இரண்டு ஒற்றை மேற்கோளாகவோ வரும். திறக்கும் குறியும் மூடும் குறியும் ஒன்றாகிவிடும்.

சைவ நூல்களில் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கும். எழுத்துணரி அதைத் தமிழ் இலக்கம் ௨ என்றோ 2 என்றோ எழுதி, தலைப்பு "2 சிவமயம்" என்று வந்துவிடும். மறுவளமாக, தமிழ் இலக்கத்தில் பக்க எண் இட்ட நூல்களில் ௧ என்பது "க" ஆகும், ௭ என்பது "எ" ஆகும், ௮ என்பது "அ" ஆகும். அத்தியாய எண்ணில் இது நடந்தால் பொருளடக்கமே குழம்பும். ஆண்டைக் குறிக்கும் ௵, மாதத்தைக் குறிக்கும் ௴, நாளைக் குறிக்கும் ௳, மேற்படி என்பதற்கான ௸ ஆகியவை பழைய நூல்களிலும் காணி உறுதிகளைப் பதிப்பித்த நூல்களிலும் அடிக்கடி வரும். எழுத்துணரி இவற்றை அருகில் கிடைத்த ஏதோ ஓர் எழுத்தாக மாற்றிவிடும். இவை எல்லாவற்றுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தனி இடம் இருக்கிறது. விரித்து "வருடம்" என்று எழுதிவிடாமல் அந்தக் குறியையே இடுங்கள். உரை நூல்களில் "இதன் பொருள்:—" என்று முக்காற்புள்ளியும் நீள்கோடும் சேர்ந்து வரும். அது ஒரு குறிச்சேர்க்கை. நீள்கோட்டை அடிக்கோடாகவும் சுருட்டைக் கோடாகவும் எழுத்துணரி எழுதும். ஆய்த எழுத்தைக் கேட்கவே வேண்டாம். "அஃது" என்பதில் நடுவெழுத்து முக்காற்புள்ளியாகவும் உடுக்குறியாகவும் உருமாறும். கணித நூலில் "ஆகவே" என்பதற்கான மூன்று புள்ளி அடையாளம் ஆய்தமாக வந்து நிற்கும்.

தமிழ் அச்சுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வரிமுடிவில் சொல் முறியும்போது ஆங்கில நூல்களில் சிறுகோடு இடுவார்கள். எங்கள் நூல்களில் பெரும்பாலும் இடுவதில்லை. சொல் அப்படியே முறிந்து அடுத்த வரியில் தொடரும். வரிகளை இணைக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு முறிவிலும் ஒரு வெளியை வைக்கும். "இரணை" ஒரு வரியிலும் "மடு" அடுத்த வரியிலும் இருந்தால் "இரணை மடு" ஆகும். பிறகு இரணைமடு என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. இதற்கு இயந்திர வழி கிடையாது. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதற்சொல்லையும் சேர்த்து வாசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே திருத்தி முடியும்வரை வரிகளை இணைக்காதீர்கள். நூலில் உள்ளபடி வரிக்கு வரி இருந்தால் படத்தோடு ஒப்பிடுவதும் சுலபம். செய்யுளில் வரி இணைப்பே இல்லை. ஆனால் அடி எண்களான 5, 10, 15 என்பவை வலப்புறத்திலிருந்து பாட்டுக்குள் புகுந்துவிடும். அவற்றை நீக்கும்போது பக்கத்திலிருக்கும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து போகாமல் பாருங்கள்.

அண்மைக் காலத்து மலர்கள் வேறு வகை. பல மலர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை; பீ.டி.எஃப். கோப்பாகவே கிடைக்கும், ஸ்கான் தேவையில்லை. ஆனால் வெட்டி எடுத்தால் எழுத்தெல்லாம் குழம்பியிருக்கும். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி இருப்பது அரைப்புள்ளிச் சாவியில். "இ" இருப்பது காற்புள்ளிச் சாவியில். காற்புள்ளியோ பெரிது என்று காட்டும் கணிதக் குறியின் இடத்தில் இருக்கிறது. இந்த நிலையில் யாராவது குறிகளைத் திருத்தத் தொடங்கி, அரைப்புள்ளிக்குப் பின் ஒரு வெளி விடு என்று கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்குப் பின்னும் சொல் உடையும். ஒருங்குறிக்கு மாற்றுவது முதலில், குறி பார்ப்பது பிறகு. மாற்றிய பின் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற எழுத்துகள் சில நடுவில் தங்கியிருக்கும். அம்புச் சாவியை ஒருமுறை தட்டியும் கர்சர் நகராவிட்டால் அங்கே அப்படி ஒன்று கிடக்கிறது, அழித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தான்தான் இந்த வேலையின் பெரிய எதிரி. மொத்தமாக மாற்றக்கூடியவை மிகச் சில. இரண்டு வெளிகளை ஒன்றாக்கலாம். காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வினாக்குறிக்கும் முன்னுள்ள வெளியை நீக்கலாம். வரிமுடிவில் கிடக்கும் வெளியை நீக்கலாம். அவ்வளவுதான். முற்றுப்புள்ளிக்குப் பின் வெளி விடு என்று மொத்தமாகக் கட்டளையிட்டால் "பி.ப. 4.30" என்பது "பி. ப. 4. 30" ஆகும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தைக் குறிக்கும் "ப.நோ.கூ.ச." நான்கு துண்டாகும், ரூபா 2.50 உடையும். காற்புள்ளிக்குப் பின் வெளி விடு என்றால் 1,000 என்பது "1, 000" ஆகும். பழைய நூலில் 1,25,000 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி இட்டிருந்தால் அதை 125,000 ஆக்குவதும் தவறு. அது அந்தக் காலத்தவர் எண்ணிய முறை. இரண்டு புள்ளிகளை ஒன்றாக்கு என்றால் மூன்று புள்ளி விடுபாட்டுக் குறி சிதையும். ஆகவே ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, பார்த்து, மாற்றுங்கள். தொடங்குமுன் எழுத்துணரி தந்த மூலப் பிரதியைத் தொடாமல் தனியாகச் சேமித்து, கோப்பின் பெயரில் நூற்பெயரும் பக்க எண்ணும் இடுங்கள். ஐம்பதாம் பக்கத்தில் தவறு நடந்தது தெரியவந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

ஒப்பிடும் வேலை இரண்டு சுற்று. முதற் சுற்றில் எழுத்தும் சொல்லும் மட்டும். இரண்டாவதில் குறி மட்டும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் கண் பொருளைத் தொடரத் தொடங்கியவுடன் குறியைத் தாண்டிவிடும். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத காற்புள்ளியையும் மனம் இட்டுக்கொள்ளும். குறிச் சுற்றைப் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் செய்தால் பொருள் அறுந்து, குறிமட்டும் தெரியும். படத்தை 150 முதல் 200 வீதம் வரை பெரிதாக்குங்கள். இருவர் கிடைத்தால் இன்னும் நல்லது: ஒருவர் படத்தைப் பார்த்து "வந்தான் அரைப்புள்ளி கண்டான் அரைப்புள்ளி திரும்பினான் முற்றுப்புள்ளி" என்று குறிகளையும் வாய்விட்டுச் சொல்லி வாசிக்க, மற்றவர் திரையில் தொடர்வது. பழைய அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்த முறை இதுதான். இதைவிடச் சிறந்த ஒன்று இன்னும் வரவில்லை என்பது எங்கள் எண்ணம். ஓர் அமர்வில் பத்துப் பக்கம் போதும். அதற்குமேல் கண் களைத்தால் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றாகிவிடும்.

பக்கம் முடிந்ததும் திறக்கும் மேற்கோள்களையும் மூடும் மேற்கோள்களையும் எண்ணுங்கள். சமமாக இருக்க வேண்டும். ஒரே மேற்கோள் பல பந்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பந்தியின் தலையிலும் திறக்கும் குறி வரும். மூடும் குறி கடைசிப் பந்தியில் மட்டும். அங்கே கணக்கு ஒவ்வாதது பிழையில்லை. அடைப்புக்குறிகளையும் இப்படியே எண்ணுங்கள். கைபேசியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: வெளிச்சாவியை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி இடும் வசதி பல கைபேசி விசைப்பலகைகளில் இருக்கிறது. அதை அமைப்பில் அணைக்காமல் வேலை தொடங்கினால் நூலில் இல்லாத முற்றுப்புள்ளிகளை நீங்களே விதைப்பீர்கள். கணினியில் சொற்செயலி தானாக நேர் மேற்கோளை வளைத்து, மூன்று புள்ளியை ஒரே எழுத்தாக்கி, இரண்டு சிறுகோட்டை நீள்கோடாக்கும். அந்தத் தானியங்கித் திருத்தங்களையும் அணைத்துவிடுங்கள். வளைந்த மேற்கோளா நேர் மேற்கோளா, விடுபாட்டுக்கு எத்தனை புள்ளி, பெயரின் முதலெழுத்துகளுக்கிடையே வெளி உண்டா இல்லையா என்பவற்றை நூல் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி, அந்த நூலில் வேலை செய்யும் எல்லோருக்கும் கொடுங்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை என்று முதல் அத்தியாயத்திலும் சி.வை.தாமோதரம்பிள்ளை என்று கடைசி அத்தியாயத்திலும் இருந்தால் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

இந்த வேலையில் நல்லெண்ணத்தால் நடக்கும் தீங்கு ஒன்று உண்டு. அதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நூலாசிரியரின் குறியீட்டைத் "திருத்துவது" எங்கள் வேலையல்ல. ஓலைச்சுவடியில் இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது. தமிழ் உரைநடை அச்சேறியபோது குறிகளை ஒழுங்குடன் பயன்படுத்தி வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் காலத்து உரைநடையில் ஒரு வாக்கியம் அரைப்புள்ளி மேல் அரைப்புள்ளியாக அரைப் பக்கம் ஓடும். ஒவ்வொரு அரைப்புள்ளியிலும் கருத்து மூச்செடுக்கும், ஆனால் முடியாது. அவற்றை முற்றுப்புள்ளியாக்கி வாக்கியங்களை நறுக்கினால் இன்றைய மாணவருக்கு வாசிக்க எளிதாகலாம். ஆனால் அது நாவலர் காலத்து நடையல்ல, எங்கள் நடை. ஒற்று மிகவில்லை என்று சேர்ப்பதும், பழைய சொல்வடிவைப் புதிதாக்குவதும் இதே வகைதான். அச்சகத்தின் தெளிவான பிழையாக, மூடாத மேற்கோள் போல ஒன்று இருந்தால், உள்ளபடி விட்டு, அச்சுப்பிழை என்ற குறிப்பை மட்டும் சேருங்கள். பொட்டா புள்ளியா என்று தீர்மானிக்க முடியாத இடத்தில் ஊகிக்க வேண்டாம். ஐயம் என்று அடையாளமிட்டு விடுங்கள். அதே நூலின் இன்னொரு பிரதி எங்கோ ஓர் ஊரில் இருக்கலாம்.

ஒருவர் பார்த்தது போதாது. தமிழ் விக்கிமூலத்தில் இதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. படமும் எழுத்தும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக நிற்கும். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இன்னொருவர் மீண்டும் பார்த்து உறுதிசெய்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. சிவப்புப் பக்கங்களே அங்கு இன்னும் மிகுதி. ஒரு கணக்கு ஆரம்பித்து அன்றே தொடங்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் கையால் தட்டி, மெய்ப்புப் பார்த்து வளர்ந்தது. 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மலர்களும் பெரும்பாலும் படங்களாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றை எழுத்துவடிவமாக்கும் கைகள்தான் தேவை.

உரிமை பற்றிச் சுருக்கமாக: இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்து எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அதற்குட்பட்ட நூலுக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்வெட்டுகளில் உயிரோடிருப்பவர்களின் பெயரும் முகவரியும் இருக்கும். குடும்பத்தாரைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றக்கூடாது.

வன்னியில் இந்த வேலைக்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முல்லைத்தீவிலும் மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் இருக்கிறார்கள். மாணவருக்குக் கணினி தெரியும், ஆசிரியருக்குப் பழைய தமிழும் ஊர்ப்பெயர்களும் தெரியும். இருவரையும் ஒரு மேசையில் இருத்தினால் நாம் மேலே சொன்ன இருவர் வாசிப்பு அப்படியே அமைந்துவிடும். பிரதேச சபை நூலகங்களும் சனசமூக நிலையங்களும் கிழமைக்கு ஒரு மாலை, ஒரு கணினி, ஒரு மேசை ஒதுக்கினால் போதும். இணைய இணைப்பு எப்போதும் தேவையில்லை; பக்கப் படங்களை ஒருமுறை இறக்கி வைத்து வேலை செய்து, முடிந்தபின் ஏற்றலாம். முதலில் நூறு பக்கத்துக்கு உட்பட்ட உரைநடை நூலை எடுங்கள். செய்யுளும் பட்டியலும் அட்டவணையும் பழகிய பின் வரட்டும். ஊர் மலர்களை அந்தந்த ஊரவரே பார்ப்பது சிறப்பு. ஒட்டுசுட்டான் மலரில் குளங்களின் பட்டியல் வந்தால் எந்தப் பெயர் எங்கே முடிகிறது என்பதை அங்கே பிறந்தவர் படம் மங்கியிருந்தாலும் சரியாகச் சொல்வார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பழைய கட்டுரைகளை நீங்கள் மறுபிரசுரம் செய்யும்போது எழுத்துணரி தந்த பிரதியை அப்படியே பக்கத்தில் வைக்காமல், மூல இதழோடு ஒருமுறை குறிகளை ஒப்பிடச் செய்யுங்கள். உங்கள் மெய்ப்புத் திருத்துநர்கள் மாதம் ஒரு மாலை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இளையோருக்கு இதைப் பழக்க முன்வந்தால், திருத்த வேண்டிய பக்கங்களை அச்சிட்டும் கணினியில் ஏற்றியும் ஆயத்தமாக வைத்திருப்போம்.

இங்ஙனம்,
நூல் மெய்ப்புத் திருத்தும் தொண்டர்கள் சிலர்,
கிளிநொச்சி.